வயிற்றுக் கட்டியும் ஈரல் கட்டியும்: அறுவைச் சிகிச்சைக்கு அஞ்ச வேண்டுமா?

வயிறு பெருத்தால் வாயுக் கோளாறு என்று கஷாயம் அருந்தி நாள் கடத்துவோர் தோட்டப்புறங்களில் இன்றும் உளர். மணமாகாத பெண்ணின் வயிறு பெருத்துவிட்டால், அக்கம்பக்கத்தார் பேச்சுக்கு அஞ்சிப் பெற்றோரே அதனை மறைத்துவிடுவதும் உண்டு. இவ்விரண்டும் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியவை.

நீர்க்கட்டி என்பது யாது?

நீரோ குழம்பு போன்ற பொருளோ நிறைந்த பையே நீர்க்கட்டியாகும். பெண்களுக்கு இது பெரும்பாலும் சூலகத்தில் தோன்றுகிறது. மாதவிலக்கையொட்டி உண்டாகும் சிறு கட்டிகள் பல, இரண்டு மூன்று மாதங்களில் தாமே மறைந்துவிடும். ஆகவே, மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சில வாரங்கள் கழித்து மீண்டும் வரச் சொன்னால், அதனை அலட்சியம் என்று கருதலாகாது.

மறையாமல் வளரும் கட்டியையும், ஐயத்திற்குரிய கட்டியையும் அகற்றுதல் வேண்டும். சில கட்டிகளுக்குள் தலைமயிரும் பல்லுங்கூடக் காணப்படும். இது செய்வினையன்று. சூலகத்திலுள்ள முட்டையணுக்களுக்குப் பலவகைத் திசுக்களாக வளரும் ஆற்றல் உண்டு என்பதே காரணம். கட்டி முறுக்கிக்கொண்டால் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் ஏற்படும். அந்நிலையில் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சூலகமே அழிந்துபோகலாம்.

இச்சிகிச்சை புதியதன்று. அமெரிக்காவின் கென்டக்கியில் 1809-ஆம் ஆண்டில் எப்ராயிம் மெக்டவல் என்னும் மருத்துவர், ஜேன் கிராபர்டு என்ற மாதின் சூலகத்திலிருந்து 10 கிலோவிற்கும் மேற்பட்ட கட்டியை அகற்றினார். அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும் வழக்கமே இல்லாத காலம் அது! அவ்வம்மையார் அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இன்றோ நோயாளி வலியறியாமல் உறங்க, பல கட்டிகள் சிறு துளைகளின் வழியாகவே அகற்றப்படுகின்றன.

ஈரலில் தோன்றும் கட்டிகள்

ஈரலில் காணும் சாதாரண நீர்க்கட்டிகளும் இரத்தக்குழாய்க் கட்டிகளும் பெரும்பாலும் தீங்கற்றவை. தொல்லை தராதவரை அவற்றுக்குச் சிகிச்சை தேவையில்லை. பெரிய நீர்க்கட்டியை ஊசியால் வடித்தால் மீண்டும் நீர் சுரக்கும். ஆதலால் அதன் மேற்சுவரை வெட்டித் திறந்துவிடுவர்.

ஈரல் புற்றுநோய் அத்தகையதன்று. தொடக்கத்தில் அது வலி காட்டாது. ஆனால், சிறிதாக இருக்கையில் கண்டுபிடித்தால், கட்டியுள்ள பகுதியை வெட்டி அகற்றலாம். நலமான ஈரலாயின், பாதிக்கு மேல் அகற்றினாலும் எஞ்சிய பகுதி சில மாதங்களில் வளர்ந்து வேலையை ஏற்றுக்கொள்ளும். சுருங்கி இறுகிய ஈரலுக்கோ அவ்வாற்றல் குறைவு. சாராயத்தால் ஈரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் அறுவைச் சிகிச்சைக்கான வாய்ப்பையே இழக்க நேரிடுவது இதனால்தான்.

"கத்தி பட்டால் புற்றுநோய் பரவும்" என்று கூறி நோயாளியைத் தடுப்போர் உண்டு. நோய் முற்றிய பின் சிகிச்சைக்கு வந்து இறந்தவர்களைக் கண்டு பிறந்த அச்சம் இது. அவர்களைக் கொன்றது கத்தியன்று, காலதாமதமே.

வருமுன் காப்போம்

ஈரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று 'பி' வகை ஈரல் அழற்சிக் கிருமி. மலேசியாவில் 1989-ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. அதற்குமுன் பிறந்தவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நன்று. கிருமி உள்ளவர்கள் மருத்துவர் குறிக்கும் தவணைதோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையை உண்ணாதீர்கள். அதன் நஞ்சும் ஈரலைத் தாக்கும்.

வயிற்று வீக்கம், மஞ்சள் காமாலை, காரணமின்றி உடல் மெலிதல், வலப்பக்க விலாவின் கீழ் வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடுங்கள். நம் பெண்மக்கள் கூச்சத்தாலும் ஊர்ப்பேச்சாலும் நோயை மறைக்கும் நிலையை மாற்றுவது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.