உடலோம்பலும் உளத்தூய்மையும்

ஏலூர் ஆலைகளில் உழைத்து உடல் நோவோருள் சிலர், ‘உள்ளம் தூயதாயின் போதும், உடலைப் பேணுதல் வேண்டா’ என்பர். அது பகவன் கண்ட வழியன்று. ஆறாண்டு உடலை வாட்டிய சித்தார்த்தர், அதனால் மெய்யறிவு கிட்டாதெனத் தெளிந்து, சுஜாதை அளித்த பாற்சோற்றை உண்டார்.

கேரளக் களரியில் உடற்பயிற்சி, உழிச்சல், மனவொழுக்கம் மூன்றும் ஒரே ஆசானிடம் பயிலப்படுகின்றன. 1956-இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய சி.வி.என். களரியில் பயிற்சியும் சிகிச்சையும் ஒருங்கே நிகழ்கின்றன. உயிர்நிலைகளாகிய மர்மங்களை ஆசான் இறுதியிலேயே, ஒழுக்கம் தேர்ந்த மாணவனுக்கே கற்பிப்பார். ஏனெனில், கொல்லும் இடமே குணமாக்கும் இடமுமாகும். இரண்டனுள் எதைச் செய்வதென்று கையை ஏவுவது உள்ளமே.

ஆதலின் அன்பர்களே, நாள்தோறும் உடலைப் பயிற்றுக. நடக்கையில் அடியையும் அமர்கையில் மூச்சையும் நோக்குக. வலிமையோடு கருணையும் வளர்கிறதா எனவும் ஆராய்க.