புதிய கருவியும் ஒரு பக்கக் காகிதமும்

அன்பு மகளுக்கு,

மென்பொருள் துறையில் புதிய கருவி வராத வாரம் கிடையாது. அத்தனையையும் கற்றுக்கொள்ள எந்த டீமாலும் முடியாது. எதையுமே ஏறெடுத்துப் பார்க்காத டீமோ, சில வருடங்களில், வேலை தெரிந்த ஆள் கிடைக்காத பழைய கோடோடு தனியாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே வழி காண, டீம்கள் மூன்று வேலைகளைச் செய்கின்றன: கவனித்து வருவது, சோதித்துப் பார்ப்பது, முடிவை எழுதி வைப்பது. முதல் இரண்டையும் பலர் செய்கிறார்கள். மூன்றாவதைச் செய்பவர்கள் குறைவு. கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கவனித்து வருவதற்குப் பரவலாகப் பயன்படும் முறை, தாட்வொர்க்ஸ் நிறுவனம் 2010 முதல் வெளியிட்டு வரும் டெக்னாலஜி ரேடார். அந்த நிறுவனத்தின் மூத்த பொறியாளர்கள் வருடத்துக்கு இரண்டு முறை கூடிப் பேசி, தங்கள் வேலைகளில் கைபட்ட தொழில்நுட்பங்களை ஒரு வட்டப் படத்தில் புள்ளிகளாக வைக்கிறார்கள். படத்துக்கு நான்கு பகுதிகள்: செய்முறைகள், கருவிகள், தளங்கள், மொழிகளும் ஃபிரேம்வொர்க்குகளும். நடுவிலிருந்து வெளியே போகப் போக நான்கு வளையங்கள். நடு வளையத்தில் இருப்பதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அடுத்ததில் இருப்பதை ஒரு புராஜெக்டில் முயன்று பார்க்கலாம். மூன்றாவதில் இருப்பதை ஆராய்ந்து வைத்துக்கொண்டால் போதும். வெளி வளையத்தில் இருப்பதை இப்போதைக்குத் தொடாமல் இருப்பது நல்லது.

இந்தப் படத்தை அப்படியே நகல் எடுப்பதில் பயன் இல்லை. அது அவர்களுடைய வாடிக்கையாளர்களிடமும் அவர்களுடைய வேலைகளிலும் கிடைத்த அனுபவம். ஒவ்வொரு டீமும் தனக்கென ஒரு ரேடார் வரைந்துகொள்ள வேண்டும் என்றுதான் தாட்வொர்க்ஸே சொல்கிறது. ஜெர்மனியின் சலாண்டோ நிறுவனம் தன் ரேடாரைப் பொதுவில் வெளியிடுகிறது. வரைவதைவிட, வரைய உட்காரும்போது நடக்கும் வாதம்தான் முக்கியம். ஒரு புள்ளியை எந்த வளையத்தில் வைப்பது என்று பேசும்போதுதான், யார் உண்மையில் பயன்படுத்திப் பார்த்தார், யார் டெமோ மட்டும் பார்த்தார் என்பது வெளியே வரும்.

ஒரு கருவி கண்ணில் பட்டபின் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. முதலாவது, அதைப் பராமரிப்பவர் யார், எத்தனை பேர். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் துணுக்கை அதன் ஆசிரியர் நீக்கியதும், அதை நம்பியிருந்த ஏராளமான புராஜெக்ட்களின் பில்டு நின்றது. 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்தது தெரிய வந்தது. பெரும்பாலும் ஒருவரே சுமந்துகொண்டிருந்த கருவி அது. லாகின் ஏன் அரை நொடி தாமதமாகிறது என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது.

இரண்டாவது, லைசென்ஸ். 2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்ம் என்ற கருவியும் 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற டேட்டாபேஸும் தங்கள் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸை மாற்றிக்கொண்டன. அவற்றின் மேல் தொழில் கட்டியிருந்தவர்கள் வக்கீலைத் தேட வேண்டியதாயிற்று. மூன்றாவது, வெளியேறும் வழி. 2010இல் வந்த ஆங்குலர்-ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்குக்கு 2021 டிசம்பர் 31உடன் ஆதரவு நின்றது. 2016இல் வந்த அடுத்த ஆங்குலர், பெயரில் மட்டுமே அதன் தொடர்ச்சி. பழைய கோடு அதில் ஓடாது. உள்ளே போகும்போதே திரும்பி வர எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டவர்கள் பிழைத்தார்கள்.

அடுத்தது சோதனை. இது சிறியதாக, நாள் குறித்ததாக, டீமின் சொந்தத் தரவில் நடப்பதாக இருக்க வேண்டும். கருவியோடு வரும் மாதிரித் தரவு அந்தக் கருவி ஜெயிப்பதற்காகவே தயாரித்தது. இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம். சென்னையில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்த ஒரு டீம், பில் அச்சிடப் புதிய லைப்ரரி ஒன்றை எடுத்தது. டெமோவில் பில் கண்ணாடி போல வந்தது, எல்லாம் ஆங்கிலத்தில். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு மென்பொருள் கடைகளுக்குப் போனது. தமிழ் பில்லில் கொம்புகள் எல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றன. 'கோவை' என்ற ஊர்ப்பெயரையே யாராலும் படிக்க முடியவில்லை. ஒரு தமிழ் பில்லை, ஒரே ஒரு பில்லை, முன்பே அச்சிட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய தவறு பிறகு நடந்தது. அந்த லைப்ரரியை ஏன் எடுத்தோம், யார் ஒப்புக்கொண்டார், எதைச் சோதித்தோம் என்பது எங்கும் எழுதப்படவில்லை. காபி மெஷின் பக்கத்தில் நின்று பேசி எடுத்த முடிவு அது. பேசிய நான்கு பேருக்கும் நான்கு விதமாக ஞாபகம் இருந்தது. எழுத்து இல்லாத இடத்தில் பழி எப்போதும் கீழே இறங்கும். டீமில் வயதில் சிறியவர் யாரோ அவர் தலையில் உட்காரும். அந்த வருடம் ஊரில் நம் தீபாவளிப் பந்தியில் ஓர் இலை காலியாக இருந்ததற்கும், அதன்பின் ஆறு மாதம் நம் வீட்டில் யாரும் வேலையைப் பற்றிப் பேசாததற்கும் காரணம் அதுதான்.

இதற்கு மருந்து எளியது. மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த முடிவுக் குறிப்பு முறை இன்று பல டீம்களில் வழக்கம். ஒன்றிரண்டு பக்கம் போதும். தலைப்பு, சூழ்நிலை, எடுத்த முடிவு, அதன் நிலை, அதனால் வரப்போகும் விளைவுகள் ஆகிய ஐந்தும் அதில் இருக்கும். அது கோடோடு சேர்ந்தே சேமிக்கப்படும். பிறகு முடிவு மாறினால் பழைய குறிப்பை அழிப்பதில்லை. அதற்குப் பதிலாக வந்தது எது என்று குறித்துவிட்டுப் புதியதை எழுதுவார்கள். அந்தக் காகிதத்தில் பெயரும் தேதியும் இருந்தால் பழி வழி தவறிப் போகாது. நல்ல முடிவுக்குக் கிடைக்கும் பாராட்டும் வழி தவறாது.

எத்தனை புதியதைத் தாங்கலாம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. எட்ஸி நிறுவனத்தில் வேலை பார்த்த டான் மெக்கின்லி 2015இல் எழுதிய கட்டுரையில், ஒரு நிறுவனத்தின் கையில் புதுமைக்கென்று ஏறக்குறைய மூன்று டோக்கன்கள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். டேட்டாபேஸுக்கு ஒன்றைச் செலவழித்தால் மீதி இரண்டுதான். பழைய கருவி எங்கே உடையும் என்பது எல்லோருக்கும் தெரியும். புதியது எங்கே உடையும் என்பது அது உடையும் இரவில்தான் தெரியும்.

உன் அப்பா போனில் சொன்ன டேட்டாபேஸ் மாற்றத்தில் உன் டீமுக்கு இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன. புதியதற்கு இப்போதே மாறலாம். வேகம் கிடைக்கலாம், இரவு இரண்டு மணிக்கு அது நின்றால் கேட்க ஆள் கிடைக்காமலும் போகலாம். அல்லது ஆறு வருடமாக ஒழுங்காக ஓடும் பழையதை வைத்துக்கொண்டு, உண்மையான தரவில் மூன்று வாரம் சோதித்து, எழுதி, கையெழுத்து வாங்கி, பிறகு மாறலாம். இரண்டும் நியாயமான வழிகளே. இரண்டாவதில் தூக்கம் கெடாது.

நீ கெட்டிக்காரி. பெரியப்பாவுக்குத் தெரியாத எத்தனையோ உனக்குத் தெரியும். நம் வீட்டிலேயே கணக்கு உன்னைப் போல யாருக்கும் வந்ததில்லை. எந்த முடிவு எடுத்தாலும் அது சரியாகத்தான் இருக்கும், எங்கள் எல்லோருக்கும் உன்னை நினைத்தால் பெருமைதான். நேரத்துக்குச் சாப்பிடு. பெரியம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் திங்கட்கிழமைக்குள் எழுதி, உன் பெயருக்கு மேலே உன் மேனேஜர் பெயரையும் போட்டு வைத்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா