மண் இறுகுமுன் தண்ணீருக்கு வழி விடுங்கள்

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் தெருக்களில் ஏப்ரல் மாதத்தில் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். முந்தைய இலையுதிர்காலத்தில் அவசரமாகப் போட்ட வேலை எது என்பதைக் கல்லே காட்டிக்கொடுத்துவிடும். இன்ரர்லொக் பாதையின் நடுவே நாலைந்து கற்கள் மேடிட்டு நிற்கும். வாசற்படிக்கருகில் கால் தடுக்கும். பூப்பாத்தியைத் தாங்க எழுப்பிய மதில் தெருப்பக்கம் வயிறு தள்ளியிருக்கும். இப்போது ஒக்ரோபர். வளவில் சின்ன மதிலோ பாதையோ போட நினைப்பவர்கள் இந்த வாரமே இறங்க வேண்டும்.

குளிர் மட்டும் வந்து எந்தப் பாதையையும் தூக்குவதில்லை. குளிர், நுண்மண், தண்ணீர் மூன்றும் ஒன்று சேர வேண்டும். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 வீதம் விரியும். அதனால்தான் மண் எழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் தேபர் 1930ஆம் ஆண்டளவில் தண்ணீருக்குப் பதில் பென்சீனை ஊற்றி மண்ணை உறையவைத்துப் பார்த்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும். அப்படியிருந்தும் மண் மேலெழுந்தது! உறையும் அடுக்கு கீழேயிருக்கும் ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். இழுபட்டு வந்த நீர் கண்ணாடித் தகடுகள் போல மண்ணுக்குள் பனியடுக்குகளாகத் தடித்து, மேலிருக்கும் கல்லைத் தூக்குகிறது. வண்டலும் களியும் கலந்த மண் இதற்கு நன்றாக இடங்கொடுக்கும். பின்வளவு மண்ணை ஈரத்தோடு உருட்டிப் பாருங்கள். உடையாமல் திரி போல நீண்டால் களி மிகுந்த மண், தண்ணீரைச் சுலபத்தில் விடாது.

குளிரை யாரும் தடுக்க முடியாது. தண்ணீரைத் தடுக்கலாம். செய்ய வேண்டியதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

தோண்டுமுன் ஒன்ராறியோ ஒன் கால் சேவைக்கு அறிவியுங்கள். வீட்டுக்காரருக்குக் கட்டணமில்லை, சட்டப்படி கட்டாயம். நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் போகும் இடங்களைக் குறிவைக்கச் சில நாள் பிடிக்கும். மஞ்சள் குறி எரிவாயு, சிவப்புக் குறி மின்சாரம். பாதைக்குப் புல்லையும் மேல்மண்ணையும் முழுதாக அகற்றுங்கள். ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். தூள் கலந்த முக்கால் அங்குலச் சல்லி, குறைந்தது 6 அங்குலம், களிமண்ணானால் 8. இரண்டு மூன்று அங்குலமாகக் கொட்டி, ஒவ்வொரு தட்டையும் இயந்திரத்தால் இடித்து இறுக்குங்கள். மேலே ஓர் அங்குல மணல், அதன்மேல் கல், ஓரப்பட்டி. எட்டடிக்கு இரண்டங்குலச் சரிவு, வீட்டை விட்டு வெளிப்பக்கமாக. ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கண்மட்டத்தை நம்பாதீர்கள்.

மதிலுக்கு வருவோம். கட்டட அத்திவாரத்தை இங்கே நாலடி, அதாவது 1.2 மீற்றர் ஆழத்தில் போடுவதற்குக் காரணம் உறைபனி அதுவரை இறங்கக்கூடும் என்பதுதான். இரண்டடி உயரப் பூப்பாத்தி மதிலுக்கு அவ்வளவு தோண்டுவது வீண். சீமெந்து வைக்காமல் அடுக்கும் கல்மதிலே இந்த நாட்டுக்குப் பொருத்தம். அது பனிக்குச் சற்று அசைந்து, இளகியதும் அமரும். சீமெந்து மதில் அசைய முடியாமல் வெடிக்கும். முதல் வரிசையை இறுக்கிய சல்லிமேல், நிலத்துக்குக் கீழே புதையுங்கள். அடிக்கு ஓர் அங்குலம் உட்பக்கம் சாய்த்து எழுப்புங்கள். ஒரு மீற்றருக்கு மேல் போவதானால் முதலில் நகரசபையிடம் கேளுங்கள்.

<u>மதிலின் முதுகில், தோண்டியெடுத்த மண்ணையே திரும்பக் கொட்டாதீர்கள்.</u> ஆண்டுதோறும் சொல்லியும் ஆண்டுதோறும் இதே தவறு. சல்லிக்குச் செலவழிக்க மனமில்லாமல் களிமண்ணை அள்ளித் திணித்துவிட்டு, வசந்தத்தில் மதில் சாய்ந்ததும் கல் விற்ற கடைக்காரரோடு சண்டைக்குப் போவதில் என்ன நியாயம்? மதிலின் பின்னால் ஓரடி அகலத்துக்குத் தூளில்லாச் சல்லி. அதன் அடியில் துளைக்குழாய். குழாயின் வாய் வெளியே, தாழ்வான இடத்தில். மண்ணுக்கும் சல்லிக்கும் நடுவே துணி. இதில் ஒன்றையும் விட முடியாது.

அடுத்தது கூரைப் பீலி. ரொறன்ரோவில் பீலிக் குழாயைச் சாக்கடையிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்பது நகரசபை விதி. நல்ல விதிதான். ஆனால் பிரித்த குழாயின் வாயைப் புதுப் பாதையின் ஓரத்திலேயே விட்டால், கூரைநீர் முழுவதும் நேரே சல்லிக்குள் இறங்கும். எவ்வளவு இடித்திருந்தாலும் பயனில்லை. <u>குழாயை நீட்டுங்கள்.</u> அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்று, தண்ணீர் எங்கே போகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடம்தான் ஏப்ரலில் எழும்பும் இடம்.

சீமெந்துச் சாந்து வேலை இருந்தால் வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே இறங்குமுன் முடியுங்கள். கொங்கிறீற் வாங்குபவர்கள் 5 முதல் 8 வீதம் காற்றுக்குமிழி உள்ள வெளிப்புறக் கலவையைக் கேளுங்கள். இடுக்குகளுக்குப் போடும் பாலிமர் மணலுக்கு உலர்ந்த நாள் வேண்டும். புதுக் கொங்கிறீற்றில் முதல் மாரியில் உப்புப் போட வேண்டாம், மணல் தூவுங்கள்.

மண்வெட்டி ஏற்கெனவே உறைந்த கட்டியில் மோதினால் வேலையை நிறுத்திவிடுங்கள். உறைந்த மண் இறுகாது. இடித்ததுபோலத் தெரியும், இளகியதும் அமுங்கும். <u>உறைந்த நிலத்தின்மேல் சல்லி கொட்டாதீர்கள், உறைந்த மண்ணால் பள்ளம் நிரப்பாதீர்கள்.</u> கல்லை ஓரமாக அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, மே மாதம் மண் உலர்ந்தபின் தொடங்குங்கள்.