புதுமைப்பித்தன் கடிதங்கள் – ஓர் ஆய்வு

முன்னுரை

கதை ஊருக்காக எழுதப்படுவது; கடிதம் ஒருவருக்காக எழுதப்படுவது. எழுத்தாளர் மறைந்தபின் அக்கடிதத்தை நாம் படிக்கலாமா? படித்தால் எவ்வாறு படிக்க வேண்டும்? இவ்வினாக்களுக்குப் புதுமைப்பித்தன் கடிதங்கள் வழி விடை காண முயல்வோம்.

மேலை நாட்டு முன்மாதிரி

ஸ்காட்லாந்து நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் (1850–1894) நெடுங்காலம் நோயாளி. உடல்நலம் நாடிச் சமோவாத் தீவில் குடியேறி, அங்கிருந்து நண்பர் சிட்னி கால்வினுக்கு இடைவிடாது கடிதம் எழுதினார். அவை 1895இல் நூலாயின. 1899இல் வந்த பெருந்தொகுப்பில் கால்வின் பல பகுதிகளை நீக்கிவிட்டார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1994–95இல், எட்டுத் தொகுதிகளாக முழுப்பதிப்பு வெளிவந்த பின்னரே முழு மனிதர் தெரிந்தார். பதிப்பாசிரியரின் கத்தரிக்கோலும் வரலாற்றை மாற்றும் என்பது இங்கு நாம் பெறும் முதற்பாடம்.

கமலாவுக்கு எழுதியவை

சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தார். கமலாவை மணந்தார். பத்திரிகைப் பணிக்காகச் சென்னையில் வாழ்ந்தபோது, மனைவி பல காலம் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருக்க நேர்ந்தது. அப்பிரிவில் பிறந்தவையே இக்கடிதங்கள். இளையபாரதி இவற்றைத் தொகுத்துக் ‘கண்மணி கமலாவுக்கு’ என்னும் நூலாக்கினார்.

கதைகளில் கிண்டலும் கசப்பும் தெறிக்க எழுதியவர், இங்கே கனிந்த கணவராகக் காட்சி தருகிறார். பணம் அனுப்ப இயலாத தவிப்பும், குடும்பம் ஒன்றுசேரும் நாளைப் பற்றிய ஏக்கமும் இவற்றில் உண்டு. இலக்கியத்தால் வயிறு நிறையாத காலத்தில் அவர் திரைத்துறையை நாடினார். நம் தகடூர் அதியமானோடு பிரியாத பெயர் ஔவை. அவர் பெயர் தாங்கி 1953இல் வெளிவந்த ஜெமினியின் ‘ஔவையார்’ படத்திற்காகவும் புதுமைப்பித்தன் உழைத்தார் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. பின்னர் ‘ராஜமுக்தி’ படத்திற்காகப் பூனா சென்றார். அங்கே காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30இல், 42ஆம் வயதில், திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

படிக்கும் முறை

ஆய்வு மாணவர் மூன்றை மறத்தலாகாது. ஒன்று, கடிதத்தின் நாளும் இடமும். அவை தெரியாவிடில் கருத்து வளர்ந்த வரிசை பிறழும். இரண்டு, பெறுபவர் யார் என்பது. மனைவியைக் கலங்கவிடாதிருக்க நோயையும் கடனையும் குறைத்துச் சொல்வது மனித இயல்பு. ஆகவே கடிதம் மெய்யேயாயினும் முழுமெய் ஆகாது. மூன்று, பிற சான்றோடு ஒப்பிடல். ரகுநாதன் 1951இல் எழுதிய ‘புதுமைப்பித்தன் வரலாறு’ இதற்குத் துணை செய்யும்.

இனி, படிக்கலாமா என்னும் வினா. ஒருவரின் அந்தரங்கத்தை வேடிக்கை பார்ப்பது பண்பன்று. ஆனால், தமிழ்ச் சிறுகதையை உயர்த்திய ஒருவர் எத்தகைய வறுமையில் அதைச் செய்தார் என்பதை அவர் கதைகள் மட்டும் நமக்குச் சொல்லிவிடா. அந்தச் செலவுக் கணக்கு கடிதங்களிலேயே இருக்கிறது. அக்கணக்கில் கமலாவின் பொறுமையும் ஒரு பெரும் பங்கு. அவரும் ‘காசுமாலை’ தந்த சிறுகதையாசிரியர் என்பதை எண்ணும்போது, இக்கடிதங்களை ஓர் எழுத்தாளர் இன்னோர் எழுத்தாளருக்கு வரைந்தவையாகவும் நாம் காணலாம்.

முடிவுரை

அஞ்சலட்டையும் உள்நாட்டுக் கடிதமும் அருகிவிட்ட காலம் இது. நம் மாவட்டத்து வீடுகளிலும் தகரப் பெட்டிகளில் பழங்கடிதங்கள் உறங்கக்கூடும். மாணவ நண்பர்களே! அவற்றைப் பழைய தாளோடு எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நாளும் ஊரும் குறித்து வையுங்கள். எழுதியவர் புகழ்பெற்றவராக இருக்கவேண்டிய தேவையில்லை. உறையோடு காத்த ஒரு கடிதம், ஒரு குடும்பத்தின் வரலாற்றுக்குச் சான்றாகும்.