கைவானொலிக்கு மாடி ஏரியல்

நம் சங்கத்து நண்பர்கள் என் அறைக்கு வந்தால், மேசைமேல் கிடக்கும் கைவானொலியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "மாடியில் பெரிய ஏரியல் கட்டினால் இதில் ஊருடன் பேசலாமா?" டில்லியில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பவரின் ஏக்கம் எனக்குப் புரியாததன்று. ஆனால் இயலாது. சென்னை இங்கிருந்து 1,700 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. 145 மெகாஹெர்ட்ஸ் அலையோ பெரும்பாலும் நேர்கோட்டில் சென்று, பூமியின் வளைவோடு நின்றுவிடும்.

அப்படியானால் மாடி ஏரியல் எதற்கு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால், வானொலியின் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது தோராயமாகக் கிடைக்கும். தரையில் நிற்பவர் கையில் பிடித்த கருவிக்கு உயரம் 1.5 மீட்டர், அடிவானம் 5 கிலோமீட்டர். எங்கள் விடுதி நான்கு மாடி. அதன்மேல் ஒரு மூங்கிலை நட்டால் 16 மீட்டர். அடிவானம் 16 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. இடையே கட்டடங்கள் மறைப்பதால் நடைமுறையில் இது குறையும். எனினும் ஆற்றலைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவதே பயன் தரும் என்பது தெளிவு. தவிர, கருவியோடு வரும் ரப்பர் உறையிட்ட குட்டை ஏரியல் பையில் அடங்குவதற்காகச் சுருட்டப்பட்டது. அலையை அனுப்புவதில் அது சோம்பேறி.

ஏரியலை நாமே செய்யலாம். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.07 மீட்டர், அதில் காற்பங்கு ஏறத்தாழ 52 சென்டிமீட்டர். அந்நீளத்தில் ஒரு தாமிரக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்திக் கேபிளின் நடுக்கம்பியோடு இணைக்க வேண்டும். அதே அளவில் நான்கு கம்பிகளை அடியில் நான்கு திசையிலும் 45 பாகை கீழே சாய்த்துக் கேபிளின் மேல்வலையோடு இணைக்க வேண்டும். பின்பு நிலையலை விகிதம் காட்டும் மீட்டரை வைத்துப் பார்த்து, நடுக்கம்பியைச் சிறிது சிறிதாக நறுக்கினால் 49 அல்லது 50 சென்டிமீட்டர் அளவில் சரியாக அமையும். விகிதம் 1 என்றால் உத்தமம். 2 என்றால் நூற்றுக்குப் பதினொரு பங்கு ஆற்றல் திரும்பி வரும், அதுவரை பொறுக்கலாம். 3-க்கு மேலே போனால் அனுப்பும் விசையை அழுத்தாதீர்கள். கருவியின் டிரான்சிஸ்டருக்கு ஆபத்து.

இனிக் கேபிள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய கேபிள் 15 மீட்டர் போட்டால், 5 வாட்டில் பாதி வழியிலேயே வெப்பமாகிவிடும். தடித்த ஆர்.ஜி. 213 என்றால் 3.5 வாட்டுக்கு மேல் ஏரியலைச் சேரும். ஆதலின் தடித்ததையே வாங்கினேன். வாங்கியதை நேரே கருவியின் தலையில் முறுக்கினேன், அதுதான் பிழை. கைவானொலியிலுள்ள எஸ்.எம்.ஏ. இணைப்பு சுண்டுவிரல் நுனியளவே உள்ளது. கேபிளின் பாரத்தில் ஒரே வாரத்தில் அது ஆட்டங்கண்டது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கிய கருவி! பற்றவைத்து மீட்டேன். இப்பொழுது இடையில் முழ நீளத்துக்கு மிக மெல்லிய, வளையும் கேபிள் துண்டு ஒன்றை வைத்திருக்கிறேன். அத்துண்டில் இழப்பு அற்பமே. பாரத்தைச் சுவரிலடித்த கிளிப் தாங்குகிறது. துண்டை வாங்குமுன் உங்கள் கருவியில் இருப்பது முள்ளா துளையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வகையும் விற்கின்றன.

எல்லாம் சரியாக இணைத்த மாலை, வேறொரு வியப்பு. ரப்பர் ஏரியலில் தெளிவாகக் கேட்ட நிலையம் ஒன்று மாடி ஏரியலில் இரைச்சலில் அமுங்கிப்போயிற்று! விலை குறைந்த கைவானொலியின் ஏற்புச் சுற்றுக்கு வேண்டியது, வேண்டாதது பிரிக்கும் திறன் குறைவு. உயரத்திலுள்ள ஏரியல் நகரத்துப் பண்பலை ஒலிபரப்புகளையும் பிற வலிய அலைகளையும் சேர்த்தே கொண்டுவந்து கொட்ட, அச்சுற்று திணறிச் செவிடாகிறது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் வடிகட்டி ஒன்றை இடையில் வைத்தபின் நிலையம் மீண்டது. ஆகவே மாடி ஏரியலை இணைத்தவுடன் மகிழ்ந்துவிடாமல், மெலிதாகக் கேட்கும் ஒரு நிலையத்தை இரண்டு ஏரியலிலும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

இந்த அலைவரிசையில் பேச அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும். மூங்கிலை மின்கம்பிகளுக்கு அருகே கொண்டுபோகவே கூடாது. மே, ஜூனில் இங்கே வீசும் 'ஆந்தி' என்னும் புழுதிப் புயலில் மழையே இல்லாமலும் மின்னல் வரும்; கேபிளின் மேல்வலையைக் கட்டடத்துக்கு வெளியே நல்ல நிலத்தொடர்பில் இணைப்பது அவசியம். அதுவும் நேரடி மின்னலைத் தாங்குமென்று நம்புவதற்கில்லை. ஆதலால் எங்கள் அறையில் கேபிளின் முனை, பிளாஸ்டிக் உறைக்குள், சன்னலுக்கு வெளியேதான் தொங்குகிறது. வானம் தெளிந்து, பேச வேண்டியிருந்தால் மட்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.