ஒன்றரையும் ஒன்று புள்ளி ஐந்தும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

ஒன்றரையும் ஒன்று புள்ளி ஐந்தும் சமம் என்பது ஐந்தாம் வகுப்பிலிருந்தே நாம் அறிந்ததுதான். கணிதம் பயிலும் நான் அதை ஐயுற்றதே இல்லை. ஆனால் சைக்கிளுக்கு மாற்று டயர் வாங்கப் போகிறவர் அதை நம்பினால் கைப்பணம் போய்விடும். சென்ற ஆடி மாதம் எனக்குப் போயிற்று.

என் தந்தையார் விடியற்காலையில் கீரைக்கட்டுகளைக் கேரியரில் ஏற்றி 9 கி.மீ. தொலைவிலுள்ள சந்தைக்குச் செல்பவர். பழைய கறுப்புச் சைக்கிள். பின் டயர் மொட்டையாகி உள்நூல் வெளியே தெரிந்தது. "படிக்கிறவன் நீ, பார்த்து வாங்கிட்டு வா" என்றார். அம்மா சுருக்குப் பையிலிருந்து பணம் எடுத்துத் தந்தார். பழைய டயரில் இருந்த 28 × 1½ என்ற அளவைத் தாளில் குறித்துக்கொண்டேன். நகரத்துக் கடையில் கிடைத்த டயரில் 28 × 1.50 என்று இருந்தது. கணித மாணவன் அல்லவா, தயங்காமல் வாங்கிவிட்டேன்!

வீட்டில் அந்த டயர் ரிம்மில் ஏறவில்லை. நெம்பி நெம்பி ஓரத்து ரப்பர் கிழிந்ததுதான் மிச்சம். கிழிந்ததைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அப்பா கூடையைத் தலையில் சுமந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்தார். என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

எங்கள் ஊர் சைக்கிள் கடைப் பெரியவர்தான் விளக்கினார். "தம்பி, பெரிய எழுத்தை விடு, சின்ன எழுத்தைப் பாரு" என்றார். பழைய டயரில் 40-635 என்றும், நான் வாங்கியதில் 40-622 என்றும் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தன. முதல் எண் காற்றடித்த டயரின் அகலம். இரண்டாவது எண், டயரின் ஓரக் கம்பி ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். ஐ.எஸ்.ஓ. 5775 என்னும் பன்னாட்டுத் தரம் இம்முறையையே கொள்கிறது.

அப்படியானால் 28 என்பது எதைக் குறிக்கிறது? டயரின் வெளிவிட்டத்தை, அதுவும் தோராயமாக. 635-உடன் இருபுறமும் 40 கூட்டினால் 715 மி.மீ., அதாவது 28 அங்குலத்துக்குச் சற்று மேல். முற்காலத்தில் வெளிவிட்டத்தை வைத்தே சக்கரத்துக்குப் பெயரிட்டார்கள். தடித்த டயருக்குச் சிறிய ரிம்மும், மெல்லிய டயருக்குப் பெரிய ரிம்மும் அமைத்து வெளிவிட்டத்தை ஏறத்தாழ ஒன்றாக வைத்தனர். பின்னாளில் ஒவ்வொரு ரிம்முக்கும் பல அகலங்களில் டயர்கள் வந்தன; பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 26 அங்குலத்தில் குழப்பம் இன்னும் அதிகம். 26 × 1⅜ என்பது 590. 26 × 1½ என்பது 584. 26 × 1.50 என்பது 559. பெயரில் பின்னமா தசமமா என்பதே இங்கு வேறு பொருள் தருகிறது!

என் டயரில் விட்டக் குறைவு 13 மி.மீ.தானே எனலாம். π-ஆல் பெருக்கினால் சுற்றளவில் 41 மி.மீ. ஓரத்தில் ஓடும் இரும்புக் கம்பி அவ்வளவு நீளாது. மாறாக, பெரிய டயரைச் சிறிய ரிம்மில் போட்டால் எளிதாக ஏறிவிடும். அதுவே அதிக ஆபத்து. காற்றடிக்கும்போதோ ஓடும்போதோ டயர் கழன்று டியூப் வெடிக்கும்.

அகலத்தில் சிறிது கூடக்குறைய இருக்கலாம். மட்கார்டிலும் ஃபோர்க்கிலும் உரசாமல் இருந்தால் போதும். தார்ச்சாலையில் செல்வோருக்குப் பெரிய பட்டன் வைத்த டயர் வேண்டாம் என்பது என் கருத்து. மிதிக்கும் உழைப்புத்தான் கூடும்.

காற்றழுத்தமும் கவனிக்கத்தக்கது. ஆளும் சுமையும் சேர்ந்து பின் சக்கரத்தில் 75 கிலோ விழுவதாகக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு அழுத்தம் என்பது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 3.16 கிலோ. வகுத்தால், தரையைத் தொடும் பரப்பு 24 சதுர செ.மீ. அழுத்தம் 25 பவுண்டாகக் குறைந்தால் அதே பரப்பு 43 ஆகிறது. டயர்ச் சுவரின் விறைப்பைச் சேர்க்காத தோராயக் கணக்குத்தான் இது. எனினும் காற்றுக் குறைந்த டயரின் பக்கங்கள் ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு மடங்குகின்றன என்பது இதிலிருந்து விளங்கும். எங்கள் பழைய டயரின் பக்கங்கள் வெடித்திருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தை மீறாமல், பாரத்துக்கேற்ப அடிக்க வேண்டும்.

புது டயரை முன் சக்கரத்திலும், முன்னிருந்ததைப் பின்னாலும் போடுவது நல்லது என்பர். ஓட்டத்தில் முன் டயர் போனால் ஆளைத் தள்ளிவிடும். அப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "பாரம் பின்னாலதானே இருக்கு" என்று பின்னாலேயே போடச் சொல்லிவிட்டார்.

மாட்டுமுன் பழைய டியூபுக்கு ரிம்மின் உட்புற நாடா சரியாக உள்ளதா, கம்பி முனை ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தோம். பழைய டயரையே திரும்பப் போடுவதானால் அதன் உட்புறத்தையும் துணியால் தடவிப் பார்க்க வேண்டும். எங்கள் பழைய டயரில் அப்படித் தடவியபோது இரண்டு கருவேல முட்கள் ஒடிந்து உள்ளேயே இருந்தன. வாரந்தோறும் பஞ்சர் ஒட்டியதன் காரணம் அன்றுதான் தெரிந்தது.