என்ஜின் பிடிக்கும் சுருதி

கேள்வி: என்னுடைய கார் வாங்கி எட்டு வருஷமாகிறது. செல்போனை ஆக்ஸ் ஒயரால் ஸ்டீரியோவில் இணைத்துப் பாட்டுக் கேட்டால், பின்னாலேயே 'கீய்ங்' என்று ஓர் ஒலி வருகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறுகிறது. ஸ்டீரியோவையே மாற்றிவிடச் சொல்கிறார் கடைக்காரர். ப்ளூடூத்தில் போட்டாலோ, போன் பேச்சு கேட்கிறது, பாட்டு வருவதில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஸ்டீரியோவை மாற்றும் யோசனையைத் தயவுசெய்து ஒத்திவையுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்தச் சப்தமும் ஸ்தாயி ஏறுகிறது என்று தாங்கள் எழுதியிருக்கும் ஒரு வாக்கியமே வியாதியின் மூலத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் அது என்ஜினைக் கேட்டுக்கொண்டா சுருதி சேர்க்கும்? தாங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் ஊகித்துக் கேட்கிறேன்: பாட்டுக் கேட்கும் அந்நேரத்தில் அதே போன், சிகரெட் லைட்டர் துளையில் செருகிய சார்ஜரிலிருந்து சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தது, அல்லவா?

நம் மெக்கானிக்குகள் பழைய வழக்கத்தை விடாமல் டைனமோ என்றே அழைக்கும் ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது மாறுதிசை மின்சாரம். அதை டயோடுகள் நேர்மின்சாரமாக்கிச் சுமார் 14 வோல்ட்டில் கொடுத்தாலும், ஒரு சிறு அலைவு அதில் எஞ்சியே நிற்கிறது, என்ஜின் வேகம் கூடக்கூட அதுவும் துரிதமாகிறது. இனி, காரில் எர்த் என்பது வண்டியின் இரும்பு உடம்பேயாகையால், சார்ஜர் வழியே ஒரு பாதையும், ஆக்ஸ் ஒயரின் மேலுறை வழியே ஸ்டீரியோவுக்கு மற்றொரு பாதையுமாகப் போன் அந்த இரும்பை இரண்டு இடங்களில் தொடுகிறபோது, அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள அற்ப வோல்ட் வித்தியாசமே போதும், ஒரு வளையம் பூர்த்தியாகி, சங்கீதம் பிரயாணம் செய்கிற அதே கம்பியில் டைனமோவின் அலைவும் ஏறிக்கொள்வதற்கு.

பரீட்சை எளிது. வண்டியை நிறுத்திய இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டு, பாட்டு ஒலிக்கும்போதே சார்ஜரைப் பிடுங்குங்கள். சப்தம் அக்கணமே அடங்கினால் ஊகம் சரி. (இந்தச் சுலபமான காரியம் தோன்றாமல், என் காருக்கு நான் இரண்டு ஆக்ஸ் ஒயர்கள் வாங்கி வீணாக்கியதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.) அதன்பின், போனை வீட்டிலேயே சார்ஜ் செய்து எடுத்துச் செல்வது ஓர் உபாயம், பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏற்றுவது இன்னொன்று, அந்தப் பவர் பேங்கைக் காரில் செருகாத வரையில். நிரந்தர நிவர்த்தி வேண்டுமானால், எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று கேட்டு வாங்கி, ஆக்ஸ் ஒயரின் நடுவே இணைத்துக்கொள்ளலாம். தீப்பெட்டியைக் காட்டிலும் சற்றே பெரிதான அந்த உபகரணத்துக்குள் இருக்கும் சின்னஞ்சிறு டிரான்ஸ்பார்மர்கள், கம்பித் தொடர்பே இல்லாமல் காந்த சக்தியினால் சங்கீதத்தை மட்டும் அக்கரை சேர்க்கின்றன. மிக மலிவானதை வாங்கினால் மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலிந்து கேட்கும். அதில் மட்டும் சிக்கனம் பாராட்ட வேண்டாம். சார்ஜரை எடுத்தும் சப்தம் நிற்கவில்லையென்றால், ஸ்டீரியோவின் பின்னாலுள்ள எர்த் ஒயர் தளர்ந்தோ துருப்பிடித்தோ இருக்கக்கூடும். அதைச் சுரண்டி முறுக்கச் சொல்லுங்கள்.

ப்ளூடூத் விஷயம் அற்பமானது. பேச்சும் பாட்டும் அதில் தனித்தனி வழிகளில் செல்பவை. போனின் ப்ளூடூத் பக்கத்தில் தங்கள் ஸ்டீரியோவின் பெயரைத் தொட்டால் 'மீடியா ஆடியோ' என்றொரு சுவிட்சு தெரியும். பெரும்பாலும் அது அணைந்திருக்கும். எரிந்துகொண்டிருந்தால், போன், ஸ்டீரியோ இரண்டிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டு மறுபடியும் இணையுங்கள்.

சார்ஜரைப் பிடுங்கியதும் என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்; கடைக்காரருக்கென்று எடுத்துவைத்த பணம் அதுவரையில் தங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.